பாக்கி வைத்த பகுதி

அத்தியாயம் பதினொன்று

பெட்டி இன்னும் கூடத்திலேயே நின்றது.

வியாழக்கிழமை மகள் அதை இழுத்துவந்து சுவரோரம் நிறுத்தினாள். "ஞாயித்துக்கிழமை கூட்டம் முடிஞ்சதும் சித்தி வந்து கூட்டிட்டுப் போவாங்க. இனிமே அங்கேயே இருந்துக்கிறேன்" என்றாள்.

"இங்கே என்ன குறை?" என்றார் அப்பா.

"இந்த வீட்ல அம்மா பேச்சே இல்லை. அங்கே உண்டு."

அவர் எழுந்து போய், ஒழுகாத குழாயைக் கழற்றி மாட்டினார். போன வாரம் அங்கேதான் விட்டோம்.

அவர் லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவர். மனசு சரியில்லை என்றால் கைக்கு ஒரு திருகாணி வேண்டும். வியாழனிலிருந்து வீட்டில் அவர் கழற்றிப் பார்க்காத பொருள் அந்தப் பெட்டி ஒன்றுதான்.

அவருடைய இரண்டாவது மனைவி இந்த வீட்டுக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறாள். வந்த புதிதில் மகள் போனில் யாரிடமோ "அந்தக் கண்ணாடிக்காரி" என்றது அவள் காதில் விழுந்தது. கோபம் வரவில்லை. கடையில் சொல்லிச் சிரித்தாள். நாமும் அப்படியே சொல்லலாம். நேரில் மகள் அவளை எந்த முறை சொல்லியும் கூப்பிடுவதில்லை. சித்தி என்ற இடத்தில் ஏற்கெனவே ஒருத்தி இருந்தாள். அம்மாவின் தங்கை.

ஞாயிறு காலை மகள் சாம்பல் நிற ஜாக்கெட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஒரே கையை நான்காவது தடவையாகத் தேய்த்தாள்.

"கருகிடும்" என்றாள் கண்ணாடிக்காரி.

"கருகினா கருகட்டும்." இஸ்திரிப் பெட்டியை அணைத்தாள். மறுபடி போட்டாள். "இன்னைக்கு உங்களுக்கு வேலை ஒண்ணும் இல்லை. உட்காரணும். பார்க்கணும். சந்தேகம் வந்தா கேட்கலாம்."

"தூக்கம் வந்தா?"

"என் மானம் போகும்."

மகள் பல் செட்டு செய்யும் லேபில் வேலை பார்க்கிறாள். அங்கே கூட இருக்கும் ஒரு பெண்தான் இன்றைய கூட்டத்துக்கு வருவதாக இருந்தது. பல்வலி என்று நின்றுவிட்டாள். மேடையில் பேசுகிறவர் ஒவ்வொருவரும் புது ஆள் ஒருவரைக் கூட்டி வர வேண்டும். அது அவர்கள் விதி. இன்று பேசப்போவது மகள். 'நான் வர்றேனே' என்று கண்ணாடிக்காரி சொன்னபோது மகள் உடனே சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

இதற்கெல்லாம் காரணம் 'நெடுவழி' என்ற டி.வி. தொடர். விண்வெளிக் கதை. ஐந்து சீசன் ஓடி முடிந்துவிட்டது. அதைப் பார்த்தவர்கள் இன்னும் முடிக்கவில்லை. மாதம் ஒரு முறை கூடுகிறார்கள். ஒருவரை ஒருவர் 'கலத்தார்' என்கிறார்கள். மற்ற உலகத்தார் எல்லோரும் அவர்களுக்குக் 'கரை ஆள்'. வருஷத்தில் ஒரு நாள் கரை ஆட்களைக் கூட்டிவந்து ஏற்றுகிறார்கள். அதுதான் இன்று.

கண்ணாடிக்காரி ஒரே ஒரு பகுதி பார்த்திருந்தாள். திங்கட்கிழமை மகள்தான் போட்டுக் காட்டினாள். சோபாவின் இந்த முனையில் ஒருத்தி, அந்த முனையில் ஒருத்தி.

"இத்தனை தலைமுறையா வெயிலே படாம இருட்டுல இருக்காங்க. ஒருத்தருக்குக்கூடக் கண்ணாடி இல்லையே?" என்று கேட்டாள். "பாதிப் பேருக்காவது பவர் வந்திருக்கணும்."

மகள் சிரித்துவிட்டாள். சிரித்ததும் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள். அந்தச் சிரிப்பை நம்பித்தான் கண்ணாடிக்காரி இன்று நல்ல புடவை கட்டிக்கொண்டாள்.

அப்பா காரை ஓட்டினார். மகள் பின்சீட்டில் எதையோ முணுமுணுத்துப் பார்த்தாள். முழங்காலை ஆட்டிக்கொண்டே இருந்தாள். முன்சீட்டின் முதுகில் அது இடித்தது.

கண்ணாடிக்காரி திரும்பினாள். "கையில அது என்ன நம்பர்?"

ஜாக்கெட் கையில் 3-9 என்று நூலால் தைத்திருந்தது.

"என் பாக்கி."

"பாக்கின்னா?"

"எங்கள்ல எல்லாருக்கும் ஒண்ணு உண்டு. ஒரு பகுதியைப் பார்க்காம வச்சுக்கணும். எல்லாத்தையும் பார்த்துட்டா வழி முடிஞ்சு போச்சுல்ல? அதுக்காக. நம்பரைக் கையில தச்சுப்போம். மூணாவது சீசன், ஒன்பதாவது பகுதி. இதைப் பார்த்தா எதிர்ல நிக்கறவங்க அந்தப் பகுதியைப் பத்தி வாயைத் திறக்க மாட்டாங்க."

"நல்ல கட்டுப்பாடா இருக்கே. எங்க கடையில ஒரு ரகசியம் ஒரு டீ குடிக்கிற நேரம்கூட நிக்காது." கண்ணாடிக்காரி சிரித்தாள். "எதுக்கு அதை எடுத்தே?"

மகளின் முழங்கால் நின்றது.

"அதுக்கு முந்தினது வரைக்கும் நானும் அம்மாவும் சேர்ந்து பார்த்தோம். ஆஸ்பத்திரியில இருந்து வந்ததும் இதைப் பார்க்கலாம்னு அம்மா சொன்னாங்க. வரலை. மீதியை எல்லாம் அப்புறம் தனியாப் பார்த்தேன். இதை மட்டும் தாண்டிட்டேன். அம்மா பார்க்காததை நான் பார்க்கிறதா இல்லை."

அப்பா கியரை மாற்றினார். சாலை நேராகத்தான் இருந்தது.

டயர் கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில் கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் வெள்ளைத் துணி, ஓரத்தில் டீயும் பிஸ்கட்டும். சாம்பல் ஜாக்கெட்டுக்காரர்கள் எல்லோரும் கையில் ஒரு நம்பருடன் நடமாடினார்கள். பேசுவதற்கு முன்னால் எதிராளியின் கையைப் பார்த்துக்கொண்டார்கள். கைகுலுக்கும் இடத்தில் இங்கே "வழி நீளட்டும்" என்றார்கள்.

"நீளட்டும்" என்றாள் கண்ணாடிக்காரி, யாரிடம் என்று தெரியாமல்.

ஜாக்கெட்டுகளைத் தைத்துத் தரும் பெண் அவளைப் பிடித்துக்கொண்டாள். "நீங்கதான் விசையோட கரை ஆளா?"

விசை என்பது மகளுக்கு இங்கே பெயர் என்று புரிய ஒரு நொடி ஆனது.

"ஆமாம்."

"உறவா?"

"ஒரே வீடு" என்றாள்.

தையற்காரம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். ஒரு பிஸ்கட்டைக் கையில் திணித்தாள்.

அப்பா காரிலேயே இருப்பதாகத்தான் ஏற்பாடு. "அந்தக் கப்பல் கதை எல்லாம் எனக்குப் புரியாது. ஒரு பகுதிகூடப் பார்த்ததில்லை. நான் வந்து என்ன செய்யப் போறேன்?" என்று அவர் எத்தனையோ தடவை சொன்னதுதான். ஆனால் கட்டடத்தின் லிஃப்ட் ஒவ்வொரு மாடியிலும் ஒரு தடவை முனகியது. அது கீழே கேட்டது. அவரால் எவ்வளவு நேரம் பொறுக்க முடியும்? கையில் ஸ்க்ரூடிரைவரோடு மேலே வந்துவிட்டார்.

கண்ணாடிக்காரி வெளியே வந்தபோது அவர் லிஃப்ட் கதவடியில் குந்தியிருந்தார். பக்கத்தில் தாடி வைத்த ஒருவர். அவரும் கரை ஆள்தான். மனைவி இழுத்துவந்திருக்கிறாள். லிஃப்ட் எப்போது சரியாகும், எப்போது கிளம்பலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அஞ்சாவது பகுதி பார்த்தேன் சார். அந்த மெஷின் வாயைத் திறந்தா பொய்" என்றார் தாடிக்காரர். "பொய் சொல்றதைப் பார்க்க டி.வி. எதுக்கு? என் ஆபீஸ்ல தினமும் இலவசமாப் பார்க்கிறேன்."

"அப்படிப் போயிடாதீங்க. உள்ளே பேசப் போறது என் பொண்ணுதான்."

"நல்லாப் பேசட்டும் சார். கதை பிடிக்கலையே."

அப்பா திருகாணியை முடுக்கினார். "எப்பவுமே பொய் சொல்லாது. உண்மையும் சொல்லும். யாருமில்லாத ரூமுக்குள்ள தனியாப் போய், கதவை மூடிட்டுச் சொல்லும்."

தாடிக்காரர் நின்றார். "நிஜமாவா?"

"பார்த்தா உங்களுக்கே தெரியும். ஒரு அரை மணி நேரம் உட்காருங்க. அதுக்குள்ள லிஃப்டும் சரியாகிடும்."

தாடிக்காரர் உள்ளே போனார். அப்பா கதவை மூடித் திறந்து பார்த்தார். சத்தமில்லாமல் மூடியது. அவர் முகத்தில் லேசான திருப்தி தெரிந்தது.

ஒரு பகுதிகூடப் பார்க்காதவருக்கு இது எப்படித் தெரியும் என்று கண்ணாடிக்காரிக்கு அப்போது தோன்றவில்லை. மகள் வீட்டில் பேசிக் காதில் விழுந்திருக்கும் என்று நினைத்தாள். உள்ளே போய் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தாள்.

மகள் முன்னால் வந்து நின்றாள். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மைக்கின் கம்பியைச் சுற்றினாள்.

"முதல்ல ஒண்ணு. பயப்படாதீங்க. நாங்க யாரும் பைத்தியம் இல்லை. கொஞ்சம் பேர் மட்டும்தான்."

சிரிப்பு வந்தது. அவள் கை கம்பியை விட்டது.

"ரெண்டாவது, முதல் பகுதியில ஆரம்பிக்காதீங்க. முதல் நாலுல எல்லாரும் எல்லாரையும் பார்த்துக் கத்துவாங்க. கலம் அட்டையில செஞ்சது. ஒரு கதவுல கடையோட விலைச் சீட்டு ஒட்டியிருக்கும், உத்துப் பாருங்க. அஞ்சாவதுல ஆரம்பிங்க. பிடிச்சா அப்புறம் நீங்களே திரும்பிப் போய் அந்த நாலையும் மன்னிப்பீங்க."

இப்போது ஜாக்கெட்டுக்காரர்கள் கைதட்டினார்கள்.

"கலம் பூமியை விட்டுக் கிளம்பிப் பல தலைமுறை ஆச்சு. வருஷத்துக்கு ஒரு தடவை பூமியில இருந்து சேதி வரும். எல்லாரும் ஒரு கூடத்துல கூடுவாங்க. தூதன்னு ஒரு மெஷின் அதைப் படிக்கும். உங்க தெருவுல மழை பெஞ்சுது. உங்க வீடு இன்னும் நிக்குது. உங்களை மறக்கலை. கேட்டுட்டு அழுவாங்க, அடுத்த வருஷம் வரைக்கும் வேலை பார்ப்பாங்க. அஞ்சாவது பகுதியில நமக்கு மட்டும் ஒண்ணு தெரியவரும். சேதி நின்னு ரொம்பக் காலம் ஆச்சு. தூதன் படிக்கிறது எல்லாம் அதுவே கட்டினது."

தாடிக்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"அன்பாச் சொல்ற பொய். அதை எவ்வளவு தூரம் இழுத்துட்டுப் போகலாம்? அவ்வளவுதாங்க கதை. இதுக்கு அஞ்சு சீசன் எடுத்தாங்க. நமக்குப் பத்தலை."

அவள் நன்றாகப் பேசினாள். வீட்டில் மூன்று வார்த்தைக்கு மேல் பேசாத பெண் இவள்தானா என்று கண்ணாடிக்காரி பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் திரும்பினாள். அப்பா வாசற்படியில் ஸ்க்ரூடிரைவரோடு நின்றார். அவரும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருக்காவது கேள்வி இருக்கா?"

தாடிக்காரர் கை தூக்கினார். மனைவி பெருமையாக நிமிர்ந்தாள்.

"அந்த மெஷின் யாருமில்லாத ரூமுக்குப் போய், கதவை மூடிட்டு, உண்மையைச் சொல்லுமாமே. அது எத்தனாவது பகுதிம்மா?"

"அப்படி ஒரு காட்சியே கிடையாது சார்" என்றாள் மகள் சிரித்துக்கொண்டே. "எனக்கு எல்லாப் பகுதியும் மனப்பா..."

நின்றாள்.

முன்வரிசை ஜாக்கெட்டுக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். தையற்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். ஒருவர் மட்டும் மகளின் கையைப் பார்த்தார். அந்த நம்பரை.

மகளும் குனிந்து தன் கையைப் பார்த்தாள். அவள் பார்க்காத பகுதி ஒன்றே ஒன்றுதான்.

"யார் சொன்னாங்க?"

"லிஃப்ட் கிட்ட ஒருத்தர் சொன்னார்மா." தாடிக்காரர் திரும்பினார். "அதோ நிக்கறாரே."

எல்லோரும் திரும்பினார்கள். அப்பா ஸ்க்ரூடிரைவரைச் சட்டைப் பையில் வைத்தார். வெளியே எடுத்தார்.

மகள் ஒரு மடக்கு தண்ணீர் குடித்தாள். "அடுத்த கேள்வி" என்றாள். மீதிக் கேள்விகளுக்கு எல்லாம் பதில் சொன்னாள். பேச்சில் தப்பு இல்லை. குரல்தான் வேறு யாருடையதோ போல இருந்தது.

காரில் மகள் கதவை மெதுவாகச் சாத்தினாள். அது கண்ணாடிக்காரிக்குப் பயமாக இருந்தது.

அப்பா சாவியைப் போட்டார். திருப்பவில்லை.

"ஒரு பகுதிகூடப் பார்த்ததில்லைன்னு சொல்வீங்க" என்றாள் மகள்.

"ஒண்ணுதான் பார்த்தேன்."

"எப்போ?"

"அம்மாகூட. ஆஸ்பத்திரியில."

தெருவில் ஒருவன் டயரை உருட்டிக்கொண்டு போனான். அது கண்ணை விட்டு மறையும் வரை மூவரும் அதையே பார்த்தார்கள்.

"உனக்குப் பரீட்சை. சனிக்கிழமை வர்றதா இருந்தே" என்றார். "போன்ல அதைப் போடுங்கன்னா உங்க அம்மா. குட்டி வரட்டுமேன்னேன். அவ வர்றப்ப நான் முழிச்சிருப்பேனோ என்னவோ, போடுங்கன்னா. முழுசாப் பார்த்தோம். முடிஞ்சதும், 'எனக்காகக் காத்திருக்க வேண்டாம்னு அவகிட்ட சொல்லிடுங்க'ன்னா."

"சொல்லலையே."

"சனிக்கிழமை நீ வந்தே. அவளுக்கு நினைவு இல்லை. நீ பையைத் திறந்து லேப்டாப்பை எடுத்து, படம் அவளுக்குத் தெரியற மாதிரி கட்டில் மேல சரிச்சு வச்சே. அதைப் பார்த்தப்புறம் எப்படிம்மா சொல்றது?"

"அன்னைக்குச் சொல்ல வேண்டாம். அடுத்த மாசம் சொல்லியிருக்கலாம். அடுத்த வருஷம் சொல்லியிருக்கலாம்."

"தள்ளத் தள்ளக் கஷ்டமாயிடுச்சு. அம்மா பேச்சை எடுத்தா இதையும் சொல்லணும். அதனால பேச்சையே எடுக்கலை."

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ஆறு வருஷமாக் காத்திருந்தேன்ப்பா" என்றாள். "இன்னைக்கு அத்தனை பேர் எதிர்ல இந்த நம்பரோட பெருமையா நின்னேன்."

கண்ணாடிக்காரி கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள். பின்னால் நீட்டினால் யாருடைய இடத்திலோ நீட்டியது போல் ஆகிவிடும்.

"வண்டியை எடுங்க" என்றாள் மகள். கொஞ்ச தூரம் போனதும் கேட்டாள். "அம்மாவால கையே தூக்க முடியாது. போனை யார் பிடிச்சிருந்தது?"

அப்பா கண்ணாடியில் அவளைப் பார்த்தார்.

"சித்தி" என்றார்.

வீட்டுக்கு வந்தபோது சித்தி வாசலிலேயே நின்றிருந்தாள். டாக்ஸி எஞ்சினை அணைக்காமல் நின்றது.

"என்னடி இவ்வளவு நேரம்? பெட்டி ரெடிதானே?" மகளின் முகத்தைப் பார்த்தாள். "என்னடி ஆச்சு?"

"மூணு-ஒன்பது நீங்களும் பார்த்தீங்களா சித்தி?"

சித்தியின் கைப்பை தோளிலிருந்து நழுவியது. "சொல்லிட்டீங்களா அத்தான்?"

"சொல்லிட்டேன்" என்றார் அப்பா.

உள்ளே போனார்கள். மகள் உட்காரவில்லை. பெட்டிக்கும் சோபாவுக்கும் நடுவில் நின்றாள். "அங்கே வந்தா அம்மாவைப் பத்திப் பேசலாம்னு நினைச்சேன். நீங்களும் இவர் மாதிரிதான்."

சித்தி அவளைப் பார்த்தாள். அப்புறம் வேகமாகப் பேசினாள்.

"உங்க அப்பாவுக்கு முழுசாத் தெரியாதுடி. நடுவுல டாக்டர் கூப்பிட்டார்னு எழுந்து போனாரு. இவர் போனதும் அக்கா நிறுத்தச் சொன்னா. மீதியை என் பொண்ணோட பார்த்துக்கிறேன்னா. இவர்கிட்ட மட்டும் முடிஞ்சுடுச்சுன்னு சொன்னா. அவ பார்த்தது பாதிதான்டி. மீதி உனக்குத்தான் வச்சிருந்தா."

மகளின் தோள் இறங்கியது. காரில் ஏறியதிலிருந்து இறுகிக் கிடந்த முகம் கொஞ்சம் திறந்தது. "எந்த இடத்துல நிறுத்தச் சொன்னாங்க?"

"அந்த மெஷின்... காலி ரூமுக்குள்ள போகும்ல. கதவு மூடும்ல. அது பேசறதுக்கு முன்னாடி."

கண்ணாடிக்காரி கணவரைப் பார்த்தாள்.

லிஃப்ட் பக்கத்தில் அவர் சொன்னது அவள் காதில் இருந்தது. கதவை மூடிட்டு உண்மையைச் சொல்லும். அந்த மெஷின் சொன்னதை அவர் பார்த்திருக்கிறார். மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். அதற்கு முன்னால் எழுந்து போகவில்லை. சித்தி சொல்வது பொய்.

நல்ல பொய். அதில் மகள் காத்திருந்ததற்கு ஓர் அர்த்தம் இருந்தது. அப்பா செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். பேசாமல் இருந்தால் போதும். அது அவருக்கு நன்றாகப் பழகிய வேலை.

அவர் சோபாவின் முனையைப் பிடித்துக்கொண்டார்.

"இல்லம்மா" என்றார். "அது பேசினதையும் பார்த்தோம். கடைசி வரைக்கும் பார்த்தோம். நான் எங்கேயும் எழுந்து போகலை."

"அத்தான்!"

"போதும்மா. நான் பண்ணினதையே நீயும் பண்ணாதே."

சித்தி பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "அவ முகத்தைப் பார்க்க முடியலை. வாயில வந்ததைச் சொல்லிட்டேன்" என்றாள். யாரிடமும் இல்லை.

மகளின் முகம் மூடிக்கொண்டது. கண்ணாடிக்காரி அதைப் பார்த்தாள். அவ்வளவுதான், இனி பெட்டி கிளம்பிவிடும் என்று நினைத்தாள். சித்தி வீட்டுக்கு இல்லாவிட்டால் வேறு எங்காவது.

ஆனால் மகள் அப்புறம் கேட்டது வேறு.

"அதுக்கு முன்னாடி எதையும் பார்க்காம மூணு-ஒன்பது எப்படிப்பா உங்களுக்குப் புரிஞ்சது?"

"எங்கே புரிஞ்சது? உங்க அம்மாதான் சொல்லிட்டே வந்தா."

"என்ன சொன்னாங்க?"

"முதல்ல இருந்து. படத்தைப் போட விடலை. இவன் யாரு, அவ ஏன் கோவமா இருக்கா, அந்த மெஷின் ஏன் பொய் சொல்லுது. மூச்சு வாங்கும். நிறுத்துவா. கண்ணை மூடிப்பா. தூங்கிட்டான்னு நினைப்பேன். 'எங்கே விட்டேன்?'னு கேட்டு மறுபடி ஆரம்பிப்பா. நான் ஒரு முட்டாள் கேள்வி கேட்டேன், அதுக்குச் சிரிச்சா. அந்த மத்தியானம் பூரா பேசினது அவதான். அதுக்கப்புறம் அவ்வளவு பேசலை."

மகள் சோபாவில் உட்கார்ந்தாள். ஜாக்கெட்டைக் கழற்றவில்லை.

"என்ன கேள்வி?"

"இத்தனை பேர் இருக்காங்களே, கலத்துல லிஃப்ட் இருக்கான்னு கேட்டேன்."

சித்தி பெட்டியின் மேல் உட்கார்ந்தபடியே சிரித்துவிட்டாள். "ஆமாம், கேட்டாரு" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "போன் என் கையில ஆடிப்போச்சு."

"அம்மா சொன்னதை அப்படியே சொல்லுங்க" என்றாள் மகள். "எங்கே ஆரம்பிச்சாங்களோ அங்கே இருந்து."

"எனக்கு அந்தப் பேரெல்லாம் சரியா வராதும்மா."

"பரவாயில்லை."

அவர் எதிரில் உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் முழங்கால் மேல் வைத்துக்கொண்டார். அவற்றில் ஒன்றும் இல்லை. ஆரம்பித்தார். கலத்தை ஓட்டியவனை மெக்கானிக் என்றார். அக்கா தங்கையை அம்மா மகள் ஆக்கினார். இரண்டாவது சீசனில் செத்தவனை உயிரோடு நடமாட விட்டார். மகள் எதையும் திருத்தவில்லை.

வாசலில் ஹாரன் கேட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை. மறுபடி கேட்டது.

கண்ணாடிக்காரி எழுந்து வெளியே போனாள். டிரைவர் தலையை நீட்டினார்.

"பெட்டி வருதா, இல்லையாம்மா? எனக்கு அடுத்த சவாரி இருக்கு."

அவளுக்குத் தெரியவில்லை. காத்திருக்கச் சொன்னால் ஒரு அர்த்தம். போகச் சொன்னால் இன்னொன்று. இரண்டையும் சொல்லும் உரிமை தனக்கு உண்டா என்பதும் தெரியவில்லை. டாக்ஸியின் கதவைப் பிடித்தபடி வீட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

உள்ளே அவர் குரல் தடுமாறி நின்றது.

பிறகு மகளின் குரல் கேட்டது.

"அப்புறம்?"